தகரப் பெட்டிக்குள் ஒரு வம்சம்

உங்கள் அப்பாவின் பெயர் தெரியும். தாத்தாவின் பெயரும் தெரியும். தாத்தாவின் அப்பா பெயர் என்ன? அவர் எந்த ஊர்? எந்த ஆண்டு இந்த மண்ணில் வந்து இறங்கினார்?

மலேசியத் தமிழர்கள் நாலு பேர் கூடும் எந்த இடத்திலும் இதைக் கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு தலைமுறைக்குப் பதில் சரளமாக வரும். மூன்றாவது தலைமுறைக்கு வரும்போது குரல் தாழும். “சேலம் பக்கம் என்று அப்பா சொல்வார்” என்பார் ஒருவர். “திருச்சிக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு பட்டி” என்பார் இன்னொருவர். அதற்கு மேல் மௌனம்தான். நூறு ஆண்டுகளுக்குள் ஒரு குடும்பம் தன் சொந்த ஊரின் பெயரையே தொலைத்துவிட்டு நிற்கிறது.

இதில் முன்னோரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நின்று, பால் மரம் சீவி, மாலையில் லயத்துக்குத் திரும்பிய மனிதர்களுக்கு வரலாறு எழுதி வைக்க நேரமும் இல்லை, பலருக்கு எழுத்தும் தெரியாது. ஆனால், அவர்கள் தடயமே இல்லாமல் போய்விட்டார்கள் என்று சொல்ல முடியாது. தடயத்தை ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பாட்டி, இன்று பேரன் வாங்கிய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். கட்டிலுக்கு அடியில் அவருடைய பழைய தகரப் பெட்டி. உள்ளே ஓரம் மஞ்சளித்த ஏழெட்டுப் படங்கள், நூல் கொண்டு கட்டிய கடிதக் கட்டு, மடித்த இடத்தில் கிழிந்துபோன பிறப்புப் பத்திரம், தொழிற்சங்க அட்டை, செல்லாத ஜப்பான் காலத்து வாழைமர நோட்டு இரண்டு. வீடு மாறும் ஒவ்வொரு முறையும் “இந்தக் குப்பை எல்லாம் எதற்குப் பாட்டி?” என்ற கேள்வி வருகிறது. பாட்டி இருக்கும் வரை பெட்டி தப்பிக்கும். அதன் பிறகு?

இது யாரோ ஒருவர் வீட்டுக் கதையில்லை. நம்மில் பலர் வீட்டில் நடந்ததும், இன்னும் நடக்கப்போவதும் இதுதான்.

ஆளுக்கு ஒரு பக்கம் இல்லாத நாடு

தமிழர்கள் கூலிகளாகக் கடல் கடந்து போன நாடுகள் பல. ஆனால், அங்கெல்லாம் நிலைமை ஒன்றுபோல் இல்லை.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் 1,52,184 பேர். கப்பல் வாரியாகப் பட்டியல் இருக்கிறது. ஆளுக்கு ஓர் எண். அதன் எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம். ஃபிஜிக்கு 1879 முதல் 1916 வரை 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குடிபெயர்வுச் சீட்டு எழுதப்பட்டது. மொரிசியசில் ஒரு படி மேலே போய், 1860களிலிருந்து கூலிகளைப் படமும் எடுத்தார்கள். அந்த ஏடுகள் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. மொரிசியசில் ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவின் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால், பல நேரங்களில் அவருடைய கிராமத்தையே கண்டுபிடித்துவிடலாம்.

மலாயாவுக்கும் ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கும் காப்பித் தோட்டத்துக்கும் அப்படித்தான் ஆள் வந்தது. அந்த முறை 1910இல் நின்றது. ரப்பர் பெருகிய காலத்தில் கங்காணி முறையே ஓங்கி நின்றது. தோட்டத்திலேயே வேலை பார்த்த கங்காணி, அனுமதிச் சீட்டோடு தன் சொந்த ஊருக்குப் போய், அக்கம் பக்கத்துக் கிராமங்களில் ஆள் சேர்த்து வருவார். 1907இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியக் குடியேற்ற நிதியிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் அந்த நிதிக்குப் பணம் கட்டினார்கள். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்க வைத்து, உடல் பரிசோதித்துக் கப்பலேற்றினார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் தடை போடும் வரை இது நடந்தது. இதற்கு அப்பால் சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்து வந்தவர்களும் ஏராளம்.

இப்படி வந்தவர்களின் கையில் ஐந்தாண்டு ஒப்பந்தம் எதுவும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் சுதந்திரத் தொழிலாளர்கள். ஒப்பந்தம் இல்லாதது நல்லதுதான். ஆனால், ஒப்பந்தத் தாளோடு சேர்ந்து வரும் விவரமும் இல்லாமல் போயிற்று. பேரப்பிள்ளைகள் திறந்து பார்க்க, ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய பேரேடு இங்கே இல்லை.

தேசிய ஆவணக் காப்பகம் 1957இல் தொடங்கப்பட்டது. அங்கே தோட்டங்களைப் பற்றி, சம்பளத்தைப் பற்றி, கள்ளுக்கடையைப் பற்றி, வேலை நிறுத்தங்களைப் பற்றிக் கோப்புகள் உண்டு. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் எந்த ஆண்டு எத்தனை பேர் கப்பலேறினார்கள் என்ற கணக்கு உண்டு. கூட்டத்தின் கணக்கு கிடைக்கிறது. ஒரு தனி ஆளின் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிதாக இருக்கிறது.

அதனால்தான் அந்தத் தகரப் பெட்டிக்கு இவ்வளவு மதிப்பு. மொரிசியசில் ஒரு குடும்பம் தன் தாள்களைத் தொலைத்தாலும் அரசாங்கத்தில் ஒரு பிரதி இருக்கிறது. இங்கே பெட்டி போனால் போனதுதான்.

படம் பேசும்

பெட்டியைத் திறந்ததும் கை முதலில் போவது படங்களுக்குத்தான். முன்பக்கத்தைப் பார்க்கும் முன் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டூடியோ முத்திரை அங்கே இருக்கலாம். சில படங்களில் முன்பக்கத்தின் கீழ் மூலையில் அழுத்திப் பதித்திருப்பார்கள். ஊர்ப் பெயரே காலத்தைச் சொல்லிவிடும். ‘போர்ட் சுவெட்டன்ஹம்’ என்றிருந்தால் படம் பெரும்பாலும் 1972க்கு முந்தியது. அந்த ஆண்டில்தான் அது போர்ட் கிள்ளான் ஆயிற்று. ‘தெலுக் ஆன்சன்’ என்றிருந்தால் 1982க்கு முந்தியது. பிறகு அது தெலுக் இந்தான். ஓரத்தை ரம்பப் பல் போல வெட்டியிருந்தால் பெரும்பாலும் 1940கள், 1950கள். வண்ணப் படம் மங்கிச் சிவந்திருந்தால் 1970களாக இருக்கலாம்.

அடுத்து உடையும் நகையும். தாத்தா கோட்டு போட்டிருக்கிறார் என்பதற்காக அவர் கிராணியாக இருந்தார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கோட்டும் கைக்கடிகாரமும் ஸ்டூடியோக்காரரிடம் இரவலாகக் கிடைத்த காலம் அது. ஊருக்கு அனுப்பும் படத்தில் ஏழையாகத் தெரிய யாருக்கு மனம் வரும்? ஆனால், பாட்டியின் காது பொய் சொல்லாது. தோள் வரை தொங்கும் பாம்படமோ தண்டட்டியோ இருந்தால், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி என்று தெற்குச் சீமையின் பக்கம் தேடிப் பார்க்கலாம். முழங்கையில் பச்சை குத்தியிருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். பெயர் சொல்லக் கூச்சப்பட்ட காலத்தில் சிலர் உறவினர் பெயரைக் கையில் குத்திக்கொண்டார்கள்.

பல பெட்டிகளில் இன்னொரு வகைப் படமும் இருக்கும். இறந்தவரை நடுவில் கிடத்தி, குடும்பம் முழுவதும் சுற்றி நிற்கும் படம். இன்றைய பிள்ளைகள் அதைக் கண்டதும் மூடி வைத்துவிடுவார்கள். அது ஊரிலிருந்த உறவுகளுக்காக எடுத்த படம். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாய்க்கும் தம்பிக்கும் சாவுக்கு வர வழியில்லை. முகத்தையாவது பார்க்கட்டும் என்று எடுத்தார்கள். குடும்ப வரலாறு தேடுபவருக்கு இதைவிடப் பயனுள்ள படம் வேறில்லை. கல்யாணப் படத்தில் வராத உறவுகூடச் சாவுப் படத்தில் நிற்கும்.

தோட்டத்தில் பலருக்கு வாழ்நாளின் முதல் படமே அரசாங்கத்துக்காக எடுத்ததுதான். 1948இல் அவசரகாலம் பிறந்ததும், 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் பதிந்துகொண்டு அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. படமும் கட்டை விரல் ரேகையும் அதில் இருந்தன. கம்யூனிஸ்டுகளைப் பிரித்தறிய வந்த சட்டம் அது. ஆனால், அதுவரை எந்த ஸ்டூடியோவின் வாசலையும் மிதிக்காத ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்களின் முகம் அந்தச் சட்டத்தால்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்த முகங்களில் சிரிப்பு இல்லை. முகமாவது இருக்கிறதே என்று எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவ்விடம் சுகம், அவ்விடம் சுகமறிய அவா

அடுத்தது கடிதங்கள். பழைய கடிதத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். எழுத்தே முதல் தடை. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும் வரை ‘லை’, ‘னை’ போன்ற எழுத்துகளுக்கு யானைத் துதிக்கை போன்ற கொம்பு இருந்தது. பலர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵ என்று குறி போடுவார்கள். இந்த மூன்று குறிகளையும் கோழிக்கிறுக்கல் என்று நினைத்துத் தாண்டிப் போனால், கடிதத்தின் தேதியையே தவறவிட்டுவிடுவோம்.

ஆங்கிலத் தேதி இல்லாமல் ‘விய வருடம் ஆவணி மாதம்’ என்று மட்டும் இருந்தால்? தமிழ் வருடம் அறுபதுக்கு ஒரு முறை திரும்பி வரும். விய வருடம் 1886இலும் வந்தது, 1946இலும் வந்தது, 2006இலும் வந்தது. எது என்று உறையில் ஒட்டிய தபால்தலை சொல்லிவிடும். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை இருந்தால் 1946தான். இந்தியத் தபால்தலையில் விலை அணாக் கணக்கில் இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முந்திய வெளியீடு. அந்த மாதத்தில் நயா பைசா வந்தது. ஒரே ஓர் எச்சரிக்கை. தமிழ் வருடம் சித்திரையில் பிறப்பதால், ‘விய வருடம் தை மாதம்’ என்பது 1947 ஜனவரி, பிப்ரவரியில் வரும். இதைக் கவனிக்காமல் விட்டால் கணக்கு ஒரு வருடம் பிசகும்.

கடிதத்தில் இருக்கும் சொற்கள் எல்லாம் தாத்தாவின் சொற்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சொன்ன வாய் ஒன்று, எழுதிய கை ஒன்று. தோட்டத்தில் கிராணியோ பள்ளி வாத்தியாரோ எழுதித் தருவார்கள். ஊரில் தபால்காரரோ படித்த பையனோ வாசித்துக் காட்டுவார்கள். ‘தேவரீர் சமூகத்துக்கு’ என்ற மரியாதை எல்லாம் எழுதியவருடையது. “மாடு கன்னு போட்டதா? தென்னம்பிள்ளை பிழைச்சுதா?” என்ற இடம் வரும்போதுதான் தாத்தா பேசத் தொடங்குகிறார்.

இன்னொன்றும் உண்டு. பெட்டியிலுள்ள கடிதங்கள் பாதிப் பேச்சு மட்டுமே. ஊரிலிருந்து வந்தது இங்கே இருக்கிறது. இங்கிருந்து போனது அங்கே எங்கோ ஒரு பரணில் இருக்கலாம், கறையான் தின்றிருக்கலாம். “நீ எழுதியபடி நிலத்தை மீட்டோம்” என்று ஒரு வரி இருந்தால், இவர் என்ன எழுதினார் என்பதை நாம்தான் ஊகிக்க வேண்டும். கடிதத்தைவிடச் சில நேரம் மணியார்டர் ரசீது தெளிவாகப் பேசும். யாருக்கு, எந்தத் தபாலாபீசுக்கு, எவ்வளவு என்று மூன்றும் அதில் இருக்கும். தொலைந்துபோன கிராமத்தின் பெயர் கடைசியில் ஒரு மணியார்டர் ரசீதில் கிடைக்கலாம்.

கடிதம் நின்ற காலம்

கட்டை அவிழ்த்துத் தேதி வாரியாக அடுக்கினால் ஓரிடத்தில் பெரிய இடைவெளி விழும். 1941 இறுதிக்குப் பிறகு எதுவும் இருக்காது. மீண்டும் 1945 இறுதியிலோ 1946இலோதான் தொடங்கும். 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. கப்பல் நின்றது, தபால் நின்றது.

அந்த இடைவெளியில்தான் பல குடும்பங்களின் கிளை ஒடிந்தது. சயாம்–பர்மா ரயில் பாதை 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. நீளம் 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை வேனிலும் லாரியிலும் ரயிலிலும் அள்ளிக்கொண்டு போனார்கள். காஞ்சனாபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. கல்லில் பெயரும் படைப்பிரிவும் வயதும் உண்டு. அங்கே மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90 ஆயிரம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் இல்லை.

“பெரியப்பா சயாமுக்குப் போனார், வரவில்லை” என்ற ஒற்றை வாக்கியம்தான் பல வீடுகளில் மிச்சம். அந்தப் பெரியப்பாவின் பெயர் என்ன என்று தெரிந்த ஒருவர் உங்கள் வீட்டில் இன்னும் உயிரோடு இருந்தால், இன்றே கேட்டு எழுதி வைக்க வேண்டும். அவருடைய பெயர் எழுதப்படும் ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரே ஆள், நாலு பெயர்

பெட்டியின் அடியில் கிடக்கும் அரசாங்கத் தாள்கள் அடுத்த கட்டம். இங்கேதான் தேடுபவர் அதிகமாகத் தடுமாறுவார். ‘முனியாண்டி’ என்ற பெயரை ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் இன்னொருவர் வேறு விதமாக எழுதினார். அடையாளக் கார்டில் மூன்றாவது விதம். அண்ணனுக்கும் தம்பிக்கும் தகப்பன் பெயரின் எழுத்து வேறுபடும். ‘சன் ஆஃப்’ என்று பழைய தாளில் இருப்பது புதிய தாளில் ‘அனாக் லெலாக்கி’ என்று இருக்கும். ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துத் தேடுபவருக்குப் பாதி வம்சம் கிடைக்காது.

வயதையும் அப்படியே நம்பக் கூடாது. “தைப்பூசத்துக்கு மறுநாள் பிறந்தாள்” என்று தாய் சொன்னதைக் கேட்டு, குமாஸ்தா ஒரு தேதியைப் போட்டிருப்பார். வேலைக்குச் சேரட்டும் என்று இரண்டு வயதைக் கூட்டிச் சொன்னதும் உண்டு.

அப்படியிருந்தும் இந்தத் தாள்கள் தரும் செய்தி கொஞ்சமில்லை. பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கும். தோட்டத்தின் பெயர் தெரிந்தால் அங்கிருந்த தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைத் தேடலாம். 1954இல் தொடங்கிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் அட்டை, 1951இல் வந்த ஊழியர் சேமநிதியின் தாள், 1960இல் துன் சம்பந்தன் தொடக்கி வைத்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம், இவை ஒவ்வொன்றும் அந்த ஆள் அந்த ஆண்டில் எங்கே இருந்தார் என்பதற்குச் சாட்சி. கோயில் உபயக்காரர் பலகையும் சாட்சிதான். பத்திரிகையில் வந்த மரண அறிவிப்பும் சாட்சிதான். அதில் மகன், மருமகள், பேரன் வரை வரிசையாகப் பெயர் இருக்கும். 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’வின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவில் வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே தேடலாம்.

இதில் வெறும் பழங்கதை ஆசை மட்டும் இல்லை. பாட்டி இந்த நாட்டில்தான் பிறந்தார் என்பதைக் காட்ட ஒரு தாள் இல்லாமல், சிவப்பு அடையாளக் கார்டோடு காலம் கழித்தவர்களை நாம் அறிவோம். பத்திரமே இல்லாமல் பள்ளிக்கூட வாசலில் நின்ற பிள்ளைகளையும் அறிவோம். 1969க்குப் பிறகு, பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, பல்லாயிரம் தமிழர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பல், ஒரு காலத்தில் தாத்தாக்களை இங்கே கொண்டுவந்தது. பிறகு சிலருடைய பிள்ளைகளை அங்கே திருப்பிக் கொண்டுபோனது. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பம் பிரிந்தது. காலத்தில் எடுக்காத ஒரு தாள் மனிதனை எவ்வளவு தூரம் விரட்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அக்கரையில் தேடும்போது

ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே விமான டிக்கெட் எடுத்துவிடக் கூடாது. பழைய தாளில் இருக்கும் ஜில்லா இன்று இருக்காது. ‘தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுகா’ என்று இருந்தால், அது 1991இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போய், 2020இல் மயிலாடுதுறை என்ற தனி மாவட்டம் ஆனது. ‘தென்னாற்காடு ஜில்லா, கள்ளக்குறிச்சி’ என்று இருந்தால், 1993இல் விழுப்புரம் மாவட்டம், 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டம். புதூர் என்றும் பாளையம் என்றும் தமிழ்நாட்டில் எத்தனை ஊர்கள்! தாலுகாவும் தபாலாபீசும் தெரியாமல் புதூரைத் தேடிப் பயனில்லை.

கிராமத்தில் பிறப்பு, இறப்பைப் பதிய 1899இலேயே சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. கிராம முன்சீப்பும் கர்ணமும் பரம்பரையாக ஏடுகளை வைத்திருந்தார்கள். 1980இல் அந்தப் பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பழைய ஏடு வேண்டுமானால் தாலுகா அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். நிலம் வைத்திருந்த குடும்பமாக இருந்தால் பட்டாவும் ‘அ’ பதிவேடும் கைகொடுக்கும். நிலமே இல்லாமல் கிளம்பியவர்கள்தான் நம்மில் அதிகம் என்பதும் உண்மை.

அவர்களுக்கும் இரண்டு வழி உண்டு. ஒன்று, குலதெய்வம். ஊர்ப் பெயரை மறந்த குடும்பங்கள்கூடக் குலதெய்வத்தின் பெயரை மறப்பதில்லை. முடி இறக்கும்போதும் காது குத்தும்போதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தேங்காய் உடைக்கிறார்கள். சாமியின் பெயரோடு ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்றொன்று, அண்டை வீடு. கங்காணி தன் ஊரைச் சுற்றித்தான் ஆள் பிடித்தார். அதனால், ஒரே லயத்தில் குடியிருந்த பத்துக் குடும்பம் பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் வீட்டில் தொலைந்த ஊர், பழைய பக்கத்து வீட்டுக்காரரின் பெட்டியில் இருக்கலாம்.

கிடைப்பது எல்லாம் இனிக்காது

தேடுகிறவர்கள் ஒன்றுக்குத் தயாராக இருக்க வேண்டும். மாதாமாதம் மணியார்டர் போன ஒரு பெண்ணின் பெயர் வீட்டில் யாருக்கும் தெரியாத பெயராக இருக்கும். விசாரித்தால், தாத்தாவுக்கு ஊரில் முதல் மனைவியும் ஒரு பிள்ளையும் இருந்தது தெரிய வரும். இரண்டு வருடத்தில் திரும்புகிறேன் என்று வந்தவர் திரும்பவில்லை. அவரும் பாவம், அந்தப் பெண்ணும் பாவம், விவரம் தெரிந்தோ தெரியாமலோ இங்கே அவருக்கு வாழ்க்கைப்பட்ட பாட்டியும் பாவம். கடன், சாதி விட்டுச் செய்த கல்யாணம், ஊரைவிட்டு இரவோடு இரவாக ஓடி வந்த காரணம் என்று இன்னும் எத்தனையோ வெளியே வரும்.

அதற்காகத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவது நியாயமில்லை. உயிரோடு இருக்கும் பெரியவர்களைக் கூட்டத்தில் வைத்துக் கேட்டு நோகடிப்பதும் முறையில்லை. தனியாகக் கேட்க வேண்டும். “இதை எழுதலாமா பாட்டி?” என்று அனுமதி வாங்க வேண்டும். வேண்டாம் என்றால் உறையில் போட்டு ஒட்டி, இத்தனை ஆண்டுக்குப் பிறகு திறக்கவும் என்று எழுதி வைக்கலாம். தீர்ப்புச் சொல்லும் வேலை நமக்கில்லை. அந்தக் காலத்துப் பசியும் தூரமும் நமக்குத் தெரியாது.

ஒரு பென்சில் போதும்

இதற்கெல்லாம் பெரிய செலவு ஒன்றுமில்லை. படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு, இதைச் சொன்னவர் யார் என்று எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம். மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். கிழிந்த தாளுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். இரண்டும் நாளடைவில் தாளைக் கெடுக்கும். ஒட்டும் பிளாஸ்டிக் ஆல்பத்தில் சிக்கிய பழைய படங்களைப் பிய்த்து எடுக்காமல், ஆல்பத்தோடு சேர்த்து முதலில் படம் பிடித்துவிடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், உறை என்று எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் எடுத்து, அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாருக்கும் அனுப்பி வையுங்கள். ஒரு வீட்டில் வெள்ளம் புகுந்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும்.

ஆனால், எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வீட்டில் மூத்தவர் யாரோ, அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஆவணம் காத்திருக்கும். ஆள் காத்திருக்க மாட்டார். பத்துப் பேர் நிற்கும் படத்தில் ஒன்பது பேரை எல்லாருக்கும் தெரியும். ஓரத்தில், பாதி முகம் வெட்டுப்பட்டு, இடுப்பில் குழந்தையோடு நிற்கும் அந்தப் பத்தாவது பெண் யார் என்பது பாட்டி ஒருவருக்குத்தான் தெரியும்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பாட்டி சொல்வார்: “இது எங்க சின்னத்தை. அந்தப் பிள்ளை நான்.”

அடுத்த முறை பெருநாளுக்குக் குடும்பம் கூடும்போது, தொலைக்காட்சியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு அந்தப் பெட்டியை வெளியே இழுங்கள். பக்கத்தில் ஒரு பென்சிலையும் வைத்துக்கொள்ளுங்கள்.